பந்து விழும் இடத்தில் கண்

வணக்கம் நேயர்களே.

காலையில் நான் நடத்தும் கிரிக்கெட் நெட்ஸ் பயிற்சி முடிகிற நேரத்துக்கு ஓர் அப்பாவோ அம்மாவோ வந்து, "பையனுக்கு ரிஃப்ளெக்ஸ் கம்மியா இருக்கு சார், வேற கேம்ல சேர்த்துடலாமா?" என்று கேட்காத மாதம் கிடையாது. பையன் காலில் கட்டிய பேடைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பான். அவனுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒன்றைக் கண்ணால் பார்த்துக் கை அசையத் தொடங்கச் சுமார் 0.2 விநாடி ஆகும். காதால் கேட்டால் இன்னும் சற்று சீக்கிரம். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 விநாடிக்குள் கிளம்பினால் ஃபவுல். 2022இல் யூஜீன் உலகத் தடகளப் போட்டியின் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலன் 0.099இல் கிளம்பியதற்காக வெளியேற்றப்பட்டார். அப்படி முந்திக் கிளம்பினால்தான் ஜெயிக்கலாம் என்பதும் இல்லை. 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடியபோது அவர் கிளம்ப எடுத்தது 0.146. டைசன் கே 0.144இலேயே கிளம்பினார், முடிவில் போல்ட்டுக்கு 0.13 விநாடி பின்னால் வந்தார்.

கிரிக்கெட்டில் இது இன்னும் ஆழமான விஷயம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகப் பந்து, வீசுகிறவர் கையை விட்டு மட்டைக்கு வர ஏறக்குறைய அரை விநாடி. குட் லெங்த்தில், அதாவது மட்டையாளருக்குச் சற்று முன்னால் தரையில் குத்தினால், குத்திய இடத்திலிருந்து மட்டைக்கு 0.2 விநாடிகூட இல்லை. பீட்டர் மெக்லியோட் என்ற ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஆடுதளத்தில் விரித்த மேட்டிங்குக்கு அடியில் மரக் குச்சிகளைப் பதித்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாதபடி செய்துவிட்டுச் சர்வதேச ஆட்டக்காரர்களை ஆடவிட்டார். பந்து திரும்பியதற்கு ஏற்ப அவர்கள் மட்டை மாறத் தொடங்க, அவர்களுக்கும் அதே 0.2 விநாடிதான். தெருவில் போகிற யாருக்கும் ஆகிற நேரம்! குத்தியபின் திரும்பும் பந்து பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் மட்டை விளிம்பிலும் பட்டுப் போவது இதனால்தான்.

அப்படியானால் அவர்களுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து கிடைக்கிறது? 2000இல் மைக்கேல் லேண்டும் மெக்லியோடும் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். பந்து கையை விட்டு வெளிவரும் கணத்தைக் கண் பிடிக்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் சீக்கிரம் தாவுகிறது, மற்றவருடையது தாமதமாக. இது பழகப் பழக வருவது என்பது என் உறுதியான எண்ணம். பளிச்சென்று எரியும் விளக்கைத் தட்டும் கருவிகளைப் பெற்றோர் நிறையப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். பந்து வீசுகிறவரைப் போல விளக்குக்கு மணிக்கட்டும் இல்லை, தோளும் இல்லை. பையன் அதில் எதைப் படிக்க முடியும்?

என்னிடம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். எல்லாப் பந்துக்கும் லேட். அவனை மட்டை இல்லாமல், மட்டையாளருக்குப் பின்னால் வலைக்கு வெளியே நிறுத்தினேன். பந்து கையை விட்டதுமே, மட்டைக்குப் பக்கத்தில் விழுமென்றால் "ஃபுல்", தள்ளி முன்னாலேயே விழுமென்றால் "ஷார்ட்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பந்து குத்தியபிறகுதான் சத்தம் வந்தது, அதுவும் பாதி தப்பு. மூன்றாவது வாரம் பந்து பாதி தூரம் வரும்போதே குரல் கேட்டது. இப்போது சில பந்துகளுக்கு, வீசுகிறவன் கை இறங்கும்போதே அவன் வாய் திறந்துவிடுகிறது.

நாளைக் காலை ஆறு மணிக்கும் வருவான். முதல் முப்பது பந்துக்கு மட்டை கிடையாது.