பந்தாட்டத்தின் பங்குக் கணக்கு

(கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய தூத்தூர் வட்டாரக் கடற்கரைக் கிராமம் ஒன்றில், ஊர்க் கழகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, கடலுக்குப் போகாமல் இன்றைக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருக்கும் என் மக்களே, வணக்கம்.

நம் கரையில் பங்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, அதோ தெரியும் கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும். இன்னொன்று, கரை திரும்பி மீன் விற்ற பிறகு கைக்கு வருவது. டீசல், ஐஸ், அரிசிச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்போம். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் இடறினாலும் அடுத்த முறை அந்தப் படகில் ஆள் ஏறமாட்டான். கால்பந்தில் தேசிய லீக் எப்படி நடக்கிறது என்று பேசச் சொன்னார்கள். அதுவும் ஒரு பங்குக் கணக்குதான். அந்தக் கணக்கில் நம் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கவே இந்த மேடைக்கு ஒத்துக்கொண்டேன்.

முதலில் ஆட்டமுறை. கோயில் திருநாளுக்கு நாம் நடத்துவது நாக்அவுட். தோற்றவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகிறான். லீக் அப்படி அல்ல. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆட வேண்டும். தன் ஊரில் ஒரு தடவை, எதிராளியின் ஊரில் ஒரு தடவை. ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் ஆனால் ஒன்று. இங்கிலாந்தில் 20 அணி, அதனால் ஆளுக்கு 38 ஆட்டம். ஜெர்மனியில் 18 அணி, 34 ஆட்டம். நம் இந்தியன் சூப்பர் லீகில் 2024-25 பருவத்தில் 13 அணி, 24 ஆட்டம். ஒரு நாள் மழையிலோ நடுவரின் விசிலிலோ அதிர்ஷ்டம் கைகொடுக்கலாம். எட்டு மாதம் தொடர்ந்து கைகொடுக்காது. லீகில் முதலிடம் பிடித்தவனை உலகம் மதிப்பது அதனால்தான்.

நம் லீகில் 2024-25 பருவம் வரை ஒரு மடிப்பு கூடுதலாக இருந்தது. புள்ளிப் பட்டியலில் முதலாவது வந்தவருக்கு ஷீல்டு. 2019-20இல் அதை முதன்முதலாக வாங்கியது கோவா. ஆனால் 'சாம்பியன்' என்று கோப்பையைத் தூக்கியவர் வேறொருவராகவும் இருந்ததுண்டு. முதல் ஆறு இடத்தில் உள்ளவர்களுக்குப் பிறகு ஒரு பிளே-ஆஃப் வைத்தார்கள். முதல் இருவர் நேரே அரையிறுதிக்குப் போக, மற்ற நால்வரும் மோதி வர வேண்டியிருந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றது. கொச்சியிலேயே பெனால்டியில் தோற்ற 2016ஆம் வருடத்து இரவில் எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரில் ஒரு வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பக்கத்திலும் பாதிப் பேருக்கு அதே கதிதான். மீதிப் பாதி 'சென்னையின் எஃப்.சி.' அணிக்காரர்கள். 2015லும் 2018லும் கோப்பை வந்ததை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்.

எட்டு மாத லீகில் முதலாவது வந்தவரே சாம்பியன் என்பதுதான் என் கட்சி. தொலைக்காட்சிக்கு இறுதி ஆட்டம் வேண்டும், அதற்காக பிளே-ஆஃப். புரிகிறது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு லீகின் உயிர் அதன் கடைசி இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் கடைசி மூன்று அணிகள் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாம் தட்டுக்கு இறங்கியாக வேண்டும். கீழிருந்து மூன்று மேலே வரும். அதனால் பதினேழாவது இடத்துக்கும் பதினெட்டாவது இடத்துக்கும் நடக்கும் சண்டை, கோப்பைச் சண்டையைவிட உக்கிரமாக இருக்கும். மேலே போகும் ஏணி அடிமட்டம் வரை நீளுவதால், சின்ன ஊர்க்காரனும் 'ஒருநாள் நாம்' என்று நினைக்க இடம் உண்டு.

நம் நாட்டில் அந்த ஏணி வெகுகாலம் நடுவில் ஒடிந்து கிடந்தது. 1996இல் தேசிய லீக் தொடங்கியது. 2007இல் அது ஐ-லீக் ஆனது. 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு சூப்பர் லீக் தனியாக வந்தது. அதில் இடம் வேண்டுமென்றால் காசு கட்டி வாங்க வேண்டும். ஆட்டத்தில் ஜெயித்து உள்ளே போக வழி இல்லை. 2019-20 முதல் அதுவே நாட்டின் முதல் தட்டு என்று முடிவானது. அதற்குச் சற்று முன், 2019 மார்ச்சில், கோயம்புத்தூர் மைதானத்தில் சென்னை சிட்டி ஐ-லீகை வென்றது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று தேசிய லீகை வென்றது அதுவே முதல் தடவை. அவர்கள் மேலே ஏற வாசல் திறக்கவில்லை. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. அப்போதும் திறக்கவில்லை. 2022-23 முதல்தான் ஐ-லீக் வெற்றியாளர் மேலே வரலாம் என்றார்கள். பஞ்சாப் வந்தது, அடுத்த வருடம் கொல்கத்தாவின் முகமதன் வந்தது. சென்னை சிட்டி இன்று தேசியத் தளத்திலேயே இல்லை. நான்கு வருடம் தாமதமாகத் திறந்த கதவு, தட்டியவனுக்குத் திறந்த கதவு ஆகாது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

காசு எங்கிருந்து வருகிறது? டிக்கெட்டும் ஜெர்சி விற்பனையும் ஒரு பகுதி. விளம்பரதாரர் ஒரு பகுதி. பெரிய லீகுகளில் எல்லாவற்றையும் விழுங்குவது தொலைக்காட்சி உரிமை. அதை ஒவ்வொரு கழகமும் தனித்தனியே விற்காமல், லீகே மொத்தமாக விற்றுப் பங்கு பிரிக்கிறது. இங்கிலாந்தில் உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதியை எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பார்கள். கால் பங்கு, முடித்த இடத்தைப் பொறுத்து. மீதிக் கால் பங்கு, எத்தனை ஆட்டம் திரையில் காட்டினார்கள் என்பதைப் பொறுத்து. நம் படகுக் கணக்கேதான், அண்ணன்மாரே. எல்லோருக்கும் அடிப்படைப் பங்கு, நன்றாக உழைத்தவனுக்குக் கொஞ்சம் மேலே.

நம் லீகில் கணக்கு வேறு மாதிரி கட்டப்பட்டிருந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010 டிசம்பரில் தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு ஒரே நிறுவனக் கூட்டுக்குக் கொடுத்தது. அந்த 15 வருடம் 2025 டிசம்பரில் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த தேதி. ஆனாலும் புதிய ஒப்பந்தம் முடியாமல், 2025 ஜூலையில் பருவத்தையே நிறுத்திவைத்தார்கள். சில கழகங்கள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தின. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள், நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவரும் கேட்டு வரவில்லை. பருவம் 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. படகுக்காரர் ஒருவரே, வலைக்காரரும் அவரே, ஏலக்காரரும் அவரே என்றால், அவர் ஒருநாள் வரமாட்டேன் என்றால் கரையே பட்டினி. அந்த மாதங்களில் வீட்டில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு.

மக்களே, இனி உங்களுக்கு.

எனக்கு 22 வயது இருக்கும்போது கேரளத்தின் மலப்புறத்துக்குச் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் பந்தாட்டம், ஆடப் போனேன். அறுவடை முடிந்த வயல், மூங்கிலும் பலகையும் கட்டிய கேலரி, இரவு விளக்கு, பத்தாயிரம் தலை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு. என் சொந்தப் பெயரில் ஆடவில்லை. வராத ஒருவனின் பெயரில் இறக்கினார்கள். நான்காவது ஆட்டத்தில் முழங்கால் திருகியது. அன்றைக்கு ராத்திரியே பஸ் காசு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பேன்? ஆடியவன் நான் என்பதற்கு ஒரு தாள் இல்லை. களியக்காவிளையில் இறங்கி நொண்டிக்கொண்டு நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. என் அம்மை எண்ணெய் காய்ச்சித் தடவினாள். அதோடு என் ஆட்டம் முடிந்தது.

இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜை உங்களுக்குத் தெரியும். சென்னை சிட்டியில் ஆடி, ஐ-லீகின் சிறந்த நடுக்களவீரர் என்று பெயர் வாங்கி, ஜாம்ஷெட்பூர் போய், பிறகு கொல்கத்தாவின் ஏடிகே அணியோடு 2020இல் சூப்பர் லீக் கோப்பை வென்றார். அதே ஆண்டு நவம்பரில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. பருவம் முழுக்க வெளியே. ஆனால் அவர் திரும்பி வந்தார், ஒடிசாவுக்கும் ஆடினார். அவருக்கும் எனக்கும் ஆட்டத் திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழங்கால் எல்லோருக்கும் ஒன்றுதான். பதிவும் ஒப்பந்தமும் உள்ளவன் பின்னால் ஒரு கழகம் நிற்கிறது.

அந்தப் பதிவு என்ன என்று கேளுங்கள். ஓர் ஆட்டக்காரன் ஒரு நேரத்தில் ஒரு கழகத்தில்தான் பதிவாக முடியும். நம் எல்லையில் இது பெரிய சிக்கல். நீரோடியில் வீடு, பொழியூரில் பந்து. காலையில் கன்னியாகுமரி மாவட்ட லீகுக்குக் கையெழுத்து, சாயங்காலம் திருவனந்தபுரம் மாவட்ட லீகுக்குக் கையெழுத்து என்று போட்டுவிடுகிறீர்கள். நமக்கு நடுவே ஒரு மைல்கல்தான். அவர்களுக்கு அது இரண்டு மாநிலச் சங்கம். மாட்டினால் தடை. 18 வயதுக்குக் கீழே இருந்தால் மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுதக் கூடாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருடம். ஏஜெண்டு என்று ஒருவர் வந்து ஏழு வருடத் தாளை நீட்டினால் அச்சனிடமோ ஆசிரியரிடமோ கொண்டுவாருங்கள். இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டால், எழுதிக் கேட்டு 15 நாள் பொறுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை ஃபிஃபா விதியில் உங்களுக்கு உண்டு.

இப்போது ஊர்க் கழகத்துக்கான பங்கு. ஓர் ஆட்டக்காரனை ஒப்பந்தம் முடியுமுன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகம் விலை கொடுத்து எடுத்தால், அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்தைப் பிடித்து, 12 வயது முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கழகங்களுக்குப் பிரிக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் விலை என்று வையுங்கள். ஐந்து லட்சம் பிடிக்கிறார்கள். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 25,000. 16 முதல் வருடத்துக்கு 50,000. ஒரு பையன் 12இலிருந்து 18 வரை நம் கழகத்தில் பதிவாகி இருந்தால் நம் பங்கு இரண்டரை லட்சம். இரண்டரை லட்சம் என்றால் எத்தனை பந்து, எத்தனை பூட்ஸ்!

இந்தியாவிலிருந்து வெளியே போகிறவர் குறைவுதான். பைச்சுங் பூட்டியா 1999இல் இங்கிலாந்தின் பரி கழகத்துக்குப் போனதை இன்னும் கதையாகச் சொல்கிறோம் என்பதே அதற்குச் சாட்சி. ஆனால் உள்நாட்டு மாற்றங்களுக்கும் வளர்த்த கழகத்துக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு தேசியச் சங்கமும் வைத்திருக்க வேண்டும் என்று அதே ஃபிஃபா விதிதான் சொல்கிறது. எந்த வழியில் வந்தாலும், கேட்பதற்கு ஒன்று வேண்டும்: பன்னிரண்டு வயதில் அந்தப் பையன் நம்மிடம் இருந்தான் என்று சங்கத்தின் ஏட்டில் ஒரு வரி.

நாம் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம்! மாநிலங்கள் மோதும் சந்தோஷ் கோப்பைக்கு, துறைமுக அணிகளுக்கு, லீகுக்கு. யாருடைய பெயருக்கு எதிரேயும் நம் கழகத்தின் பெயர் இல்லை. கடல் நம் மணலைத் தின்றுகொண்டே வருகிறது. நான் சிறுவனாக ஆடிய இடத்தில் இப்போது கருங்கல் போட்டிருக்கிறார்கள். முழு மைதானம் என்றால் வழக்கமாக 105 மீட்டர் நீளம். ஏவிஎம் கால்வாய்க்கும் அலைக்கும் நடுவே அவ்வளவு இடம் இனிக் கிடைக்காது. இடம் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ பணம் வேண்டும்.

கழகத்தை மாவட்டச் சங்கத்தில் சேர்க்கும் விண்ணப்பத்தைச் செயலாளர் தம்பி எழுதி முடித்துவிட்டார். மேடைக்கு இடதுபக்கம், மைக் செட்டுக்காரர் அருகில் ஒரு மேசை போட்டிருக்கிறது. 12 வயது நிரம்பிய பிள்ளைகளின் அம்மைமார் பிறப்புச் சான்றிதழ் நகலும் இரண்டு போட்டோவும் கொண்டு வாருங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்றைக்கு எடுத்து வராதவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் கொடுக்கலாம். நான் அங்கேயே இருப்பேன்.