வெறும் பேச்சுக்கா இவ்வளவு ரூவா?

நேயர்களுக்கு வணக்கம்.

ரப்பர் பால் வெட்டும் ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு என் கவுன்சலிங் அறைக்கு வந்தார். நான் அறை திறந்த முதல் ஆண்டு அது. அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கட்டணத்தைக் கேட்டதும், "மக்களே, மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல. வெறும் பேச்சுக்கா இவ்வளவு ரூவா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "சரி, உள்ளதைத் தாருங்கள்" என்றேன். அந்த ஆண்டு பாதிப் பேரிடம் அதையே சொன்னேன். திறந்த பதினான்காவது மாதம் வாடகை கொடுக்க வழியில்லாமல் அறையைப் பூட்டினேன். அப்போது வாரந்தோறும் வந்துகொண்டிருந்தவர்கள் 17 பேர். தன் வீட்டில் யாரிடமும் சொல்லாததை மூன்று மாதம் கழித்து அப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருந்த ஒருவரும் அதில் உண்டு. அந்த அம்மாவின் மகனும் உண்டு. இரக்கப்பட்டுக் கட்டணத்தைக் குறைத்தேன். கடைசியில் அவர்களையே நடுவழியில் இறக்கிவிட்டேன். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

உளவியல் படித்துவிட்டு நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ சொந்தமாகக் கவுன்சலிங் அறை திறக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இன்று பேச வந்தேன். முதலில் ஒரு வார்த்தை: 'மருத்துவ உளவியலாளர்' என்று போர்டு வைக்க இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அது இல்லாதவர்கள் தங்கள் படிப்பை உள்ளபடி எழுதுங்கள்.

இனி கட்டணம். பக்கத்து ஊரில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து வைக்காதீர்கள். உங்களால் எத்தனை மணி நேரம் மனம் சிதறாமல் கேட்க முடியும்? அதிலிருந்து தொடங்குங்கள். எனக்கு ஒரு நாளைக்கு நான்கு பேர், வாரத்துக்கு ஐந்து நாள். ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தால் என் காது கேட்கும், மனம் கேட்காது. ஆக வாரம் 20 அமர்வு. காய்ச்சல், கல்யாணம், கோயில் கொடை, கிறிஸ்துமஸ் எல்லாம் கழித்தால் ஆண்டில் 46 வாரம்தான் வேலை. 920 அமர்வு. பத்தில் ஒருவர் வராமல் போவார், 830 என்று வைத்துக்கொள்வோம்.

வாடகை, உதவியாளர் சம்பளம், மின்சாரம், மாதம் இரண்டு தடவை என் வேலையைச் சரிபார்க்கும் மூத்தவருக்குக் கொடுக்கும் தொகை, அப்புறம் வீட்டுச் செலவு. எல்லாம் சேர்த்து மாதம் 70,000 என்றால் ஆண்டுக்கு 8,40,000 ரூபாய். 830ஆல் வகுத்தால் ஓர் அமர்வுக்கு ஆயிரத்துச் சொச்சம். ஐந்தில் ஓர் இடத்தை 300 ரூபாய்க்கு ஒதுக்கினால் மற்றவர்கள் 1,200 கொடுக்க வேண்டும். ஒரு மாதிரிக்குத்தான் சொன்னேன், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் போட்டே ஆக வேண்டும். அந்த முதல் ஆண்டில் நான் இதைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

அந்த 300 ரூபாய் இடங்கள் எத்தனை என்பதை முன்னாலேயே எண்ணி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் அழும்போதெல்லாம் ஓர் இடம் கூடிவிடும். இடம் காலியில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் எழுதிவிட்டு, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழி சொல்லி அனுப்புங்கள். மருந்து தேவைப்படுகிறவர்கள் எப்படியும் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நாம் மருந்து எழுத முடியாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வருமானத்துக்கும் பருவம் உண்டு. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம்; கிழக்குக் கடற்கரையில், சின்னமுட்டம் பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மழை பெய்தால் ரப்பர் வெட்டு நின்றுபோகும், நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. பள்ளி திறக்கும் ஜூனில் எல்லா வீட்டிலும் கை வறண்டிருக்கும். அந்த மாதங்களில்தான் வீட்டுக்குள் சண்டையும் குடியும் கூடுகின்றன, அப்போதுதான் வருகையும் நிற்கிறது. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் தேர்வுப் பயத்தோடு பிள்ளைகள் நிறைய வரும்போது, மூன்று மாத வாடகையைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன். குறைந்த கட்டண இடங்களில் பாதியை ஜூன், ஜூலைக்கு என்றே வைத்திருக்கிறேன். ஒக்கிப் புயலில் ஆளை இழந்த கடற்கரை வீடுகளில் 2017 இன்னும் முடியவில்லை. தடைக்காலத்தில் கையில் காசில்லை என்பதற்காக அவர்கள் வருவது நிற்கக் கூடாது.

வளைகுடாவில் வேலை செய்பவர்களிடம் போனில் பேசுவதற்கும் அதே கட்டணம்தான். சவுதி, குவைத், கத்தாரில் வெள்ளி விடுமுறை, நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். வெள்ளி மாலை அவர்களுக்கு. ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கியிருப்பவர் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவார். தனியாக இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அறை எங்கே என்பதிலும் காசு இருக்கிறது. மார்த்தாண்டத்துக்காரர் நாகர்கோவிலுக்கு வருவார், நாகர்கோவில்காரர் திருவனந்தபுரம் போவார், தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று. கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் பல் டாக்டர் இருக்கும் கட்டடத்தில் எடுங்கள். படியேறுகிறவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சிலர் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறாவதிலேயே தேறியவர் மீதிப் பணத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு வந்துகொண்டே இருப்பார். ஆள் அனுப்புகிறவருக்குக் கமிஷன் கொடுப்பது அதைவிட மோசம். ஒரு பள்ளியில் ஓராண்டு முழுக்க வாரம் ஒரு நாள் போனேன். கடைசியில் பொன்னாடை போர்த்தினார்கள், சம்பளம் வரவில்லை. இப்போது எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் எங்கும் போவதில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. ஆனாலும் நம் அறைக்கு வருகிறவர் பெரும்பாலும் கைக்காசுதான் கொடுக்கிறார். அதனால்தான் தொகையை முதல் போனிலேயே, தயங்காமல் சொல்லிவிட வேண்டும். வந்து உட்கார்ந்து அழுத பிறகு சொன்னால் அவருக்கு அவமானமாக இருக்கும்.

இரண்டாவது முறை அறை திறந்தபோது அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "300 ரூபாய், வியாழன் நான்கு மணி, இந்த நேரம் உங்கள் மகனுக்கு மட்டும்" என்றேன். "வாறோம் மக்களே" என்றார். வந்தார்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது இன்று இரவே பேச ஆள் வேண்டும் என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மீண்டும் சொல்கிறேன், 1 4 4 1 6.

நன்றி, வணக்கம்.