அறுக்கிற வேலையில் ரெண்டு பேருக்கும் பங்கு

வணக்கம். வீட்டில் நாலு ஆடும் பத்துக் கோழியும் வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் உட்கார்ந்து பேசாத ஒரு விஷயத்தைப் பேசத்தான் வந்திருக்கிறேன். வளர்த்ததை அறுக்கிற நாளில் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார், வீட்டுக்காரம்மா என்ன வேலை செய்கிறார்?

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பெரும்பாலான வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். கிடாயின் கழுத்தை அறுப்பது ஒரு நிமிஷம். தோலை உரித்துக் கறியை வெட்டிப் போடுவது, பழகிய கைக்கு ஒரு மணி நேரம். இது ஆம்பளை வேலை, தெருவே நின்று பார்க்கும். அதற்கு முன்னால் தண்ணீர் காய்ச்சியது, ரத்தம் பிடிக்கக் குண்டானில் உப்புப் போட்டு வைத்தது, அப்புறம் தலையையும் காலையும் நெருப்பில் வாட்டிச் சுரண்டுவது, குடல் கழுவுவது, வாசல் கழுவுவது, ஆக்குவது, வந்தவர்களுக்குப் பரிமாறுவது, பாத்திரம் விளக்குவது என்று பொழுது சாயும் வரை ஓடுகிற வேலை முழுக்கப் பொம்பளை தலையில். சாயங்காலம் "இன்னைக்கு யார் கிடா அறுத்தது?" என்று கேட்டால் வீட்டுக்காரர் பேரைத்தான் சொல்கிறார்கள்.

வேலையில் மட்டுமில்லை, விவரத்திலும் இந்தப் பிளவு இருக்கிறது. என் கவலை அதில்தான் அதிகம். 2011-ல் அரசாங்கம் விலையில்லா ஆடு கொடுத்தபோது ஏழைக் குடும்பத்துப் பெண்கள் பேரில்தான் ஆளுக்கு 4 ஆடு கொடுத்தார்கள், ஏனென்றால் ஆட்டை மேய்த்து, தழை ஒடித்துப் போட்டு, குட்டி போடும்போது ராத்திரி கூடவே உட்கார்ந்திருப்பது பெண்கள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த ஆட்டுக்கு எப்போது குடற்புழு மருந்து ஊற்றினோம், எதற்கு ஊசி போட்டோம், எது சினையாக இருக்கும் என்று சந்தேகம், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் குந்தாரப்பள்ளி சந்தைக்கும் போச்சம்பள்ளி சந்தைக்கும் போகிறவரும், ஞாயிற்றுக்கிழமை மச்சான் வர்றார் என்று திடீரென்று கயிற்றை அவிழ்க்கிறவரும் அவர். ஊசி போட்டு எத்தனை நாள் ஆச்சு என்று கேட்காமலே அறுத்தால், அந்த மருந்து கறியில் இருக்கும், அதைப் பிள்ளைகளும் சேர்ந்துதான் சாப்பிடும். ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் கழித்துத்தான் கறிக்கு அறுக்கலாம் என்று கணக்கு உண்டு, மருந்து போடும்போதே டாக்டரிடம் கேட்டு, மாட்டிய காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து விடுங்கள். காலண்டர் ரெண்டு பேர் கண்ணிலும் படும்.

அதே மாதிரி முதல் நாள் சாயங்காலமே சொல்லி வைக்க வேண்டும். அறுக்கப்போகிற ஆட்டுக்கு ராத்திரியில் இருந்து தீனி போடக் கூடாது, தண்ணீர் மட்டும் வைக்கலாம், கோழியானாலும் அப்படித்தான். விஷயம் தெரியாமல் அவள் விடியற்காலையில் வழக்கம்போல அகத்தித்தழை கட்டிவிட்டால் வயிறு முட்ட இருக்கும், அறுக்கும்போது கத்தி பட்டுக் கிழிந்தால் சாணி கறி மேலே கொட்டும், அப்புறம் அதைக் கழுவுவதும் அவள்தான்.

சினையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சினை ஆட்டையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி வைத்திருக்கிற தாயையும், மூன்று மாதம் ஆகாத குட்டியையும் அறுக்கக் கூடாது என்று 2001-ல் வந்த இறைச்சிக்கூட விதியில் இருக்கிறது. ஒரு உருப்படியை இன்னொரு உருப்படி பார்க்க அறுக்கக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. அது இறைச்சிக்கூடத்துக்கு எழுதிய விதி, ஆனால் நம் வீட்டுக் கொல்லைக்கும் அதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. எந்த ஆடு, என்றைக்கு என்று முடிவு செய்வதில் மேய்த்தவள் சொல்லுக்குத்தான் முதல் இடம்.

சரி, யார் அறுப்பது?

பொம்பளை கத்தி எடுக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கோழியை நானும் அறுப்பேன், அவரும் அறுப்பார், கிடா மட்டும் கனம் என்பதால் ரெண்டு பேரும் சேர்ந்து. ஆனால் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த குட்டியை நான் அறுக்க மாட்டேன், பக்கத்தில் நிற்கவும் மாட்டேன், அதை அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். கத்தியைப் பார்த்தாலே கை நடுங்குகிற ஆம்பளைகளும் உண்டு, அவர்களைக் கேலி பேசியே வேண்டாவெறுப்பாக அறுக்க வைக்கிறோம், அரைகுறையாக அறுபட்டு அந்த ஜீவன்தான் அவஸ்தைப்படுகிறது. கை நடுங்குகிறவர் அறுக்க வேண்டாம். ஆனால் அறுக்கவில்லை என்றால் மற்ற வேலையில் பெரிய பங்கை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நியாயம்தான்.

தனியாகக் கோழி அறுக்க வேண்டிய பெண்களுக்கு ஒரு வழி. வீட்டுக்காரர் பெங்களூருவிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார், இங்கே காலைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் அடியை வெட்டி எடுத்து, வாய்ப்பக்கத்தையும் கோழித்தலை நுழைகிற அளவுக்கு அகலமாக்கி, வாய் கீழே பார்க்க வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள். கோழியை மேலிருந்து தலைகீழாக விட்டால் றெக்கை அடங்கிவிடும், தலை மட்டும் வெளியே வரும், கோழி அமைதியாகிவிடும், ஒரு ஆளே போதும். கத்தியை முதல் நாளே தீட்டி வையுங்கள், தாடைக்குக் கீழே ஒரே இழுப்பில் ரெண்டு பக்க ரத்தக்குழாயும் அறுபட வேண்டும். ரெண்டு நிமிஷம் ரத்தம் வடியட்டும், அசைவு முழுக்க நின்ற பிறகுதான் வெந்நீர். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தோல் வெந்து முடியோடு கிழிந்து வரும். கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் சூடு சரியாக இருக்கும், ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால் முடி கையோடு வந்துவிடும். அப்புறம் வாட்டி மஞ்சள் தடவுவது உங்களுக்கே தெரியும்.

இனி குடல். நான் இங்கே வந்ததே முக்கியமாக இதைப் பேசத்தான். 20 கிலோ கிடாயில் எலும்போடு சேர்த்து 9, 10 கிலோ கறி கிடைக்கும், அதைத் தவிர தலை, கால், ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், குடல், போட்டி என்கிற இரைப்பை எல்லாம் தனி. போட்டியைப் பிரட்டி, சாணியை உதறி, வெந்நீரில் முக்கி, சுண்ணாம்பு தடவிக் கறுப்புத் தோல் போகும் வரை சுரண்டி, குடலைக் குச்சியில் கோத்துத் திருப்பி, நாலு தடவை தண்ணீர் மாற்றிக் கழுவுவது இடுப்பு ஒடிகிற வேலை. நாற்றம் தாங்கவில்லை என்று ஆம்பளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த நாற்றம் பெண்களுக்கும் அதே நாற்றம்தான். குடல் குழம்புக்கு முதல் ஆளாக வந்து உட்காருகிறவர் குடல் கழுவக் கற்றுக்கொள்ளட்டும், கஷ்டமான வித்தை இல்லை. எங்கள் வீட்டில் நான் கறி வெட்டினால் அவர் குடல், அவர் வெட்டினால் நான். மாற்றி மாற்றிச் செய்ததில் ஒரு லாபமும் கிடைத்தது. குடல் கழுவத் தெரிந்தவர் வயிற்றைக் கிழிக்கும்போது பதமாகக் கிழிக்கிறார், பித்தப்பையை ஈரலில் கொஞ்சம் சேர்த்தே அறுத்து எடுக்கிறார், ஏனென்றால் அது உடைந்தால் என்ன கசப்பு, எவ்வளவு கழுவினாலும் போகாது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

வீட்டில் மாசமாக இருக்கிற பெண் இருந்தால் அவளிடம் பச்சைக் குடலையும், ஆடு மாதம் நிறையாமல் வீசின குட்டியையும் நஞ்சுக்கொடியையும் தொடுகிற வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கிற கிருமிகள் அதில் இருக்கலாம். அத்தனை மாதமும் அந்த வேலை வீட்டுக்காரருடையது, மாமியார் என்ன சொன்னாலும்.

கழிவை யார் பார்ப்பது என்றும் முன்கூட்டியே பேசுங்கள். நுரையீரலிலோ ஈரலிலோ தண்ணீர் நிறைந்த கட்டி மாதிரி இருந்தால் அதை நாய்க்குப் போடாதீர்கள். நாய் வயிற்றில் அது நாடாப்புழுவாக வளர்ந்து, அதன் முட்டை நாய்ச் சாணியோடு புல்லில் கலந்து மறுபடி ஆட்டுக்கும், கை கழுவாத குழந்தைகளுக்கும் வரும். மூன்றடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, மண்ணைப் போட்டு நன்றாக மூடிவிட வேண்டும். காலையிலேயே குழி தயாராக இருந்தால் பாதி நிம்மதி.

ஓசூர்ப் பக்கம் ரெண்டு பேரும் கம்பெனி வேலைக்குப் போகிற குடும்பங்கள் இப்போது நிறைய. ஒருவருக்கு ராத்திரி ஷிப்ட், ஒருவருக்குப் பகல் ஷிப்ட். அப்படிப்பட்டவர்கள் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ஆளிடம் கத்தியைக் கொடுக்காதீர்கள், தூக்கக் கண்ணோடு விரல் போய்விடும். ரெண்டு பேருக்கும் லீவு இருக்கிற நாளில் மூன்று நான்கு கோழியை ஒரே தடவையில் முடித்து, சுத்தம் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். ரெண்டு பேருக்குமே மனசு வரவில்லை என்றால் கூலி கொடுத்து ஆள் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் கோழியை அவர்கள், அவர்கள் கோழியை நீங்கள். வளர்க்காத கைக்கு அது கொஞ்சம் லேசாக இருக்கும்.

தீபாவளிக்குக் கூறு போட்டு விற்றால் அந்தப் பணம் யார் கைக்கு வர வேண்டும் என்பதையும் அறுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஆடு யார் பேரில் இருக்கிறதோ அவள் கைக்கு.

கடைசியாக ஒன்று. ராத்திரி நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கிறது, மூக்கிலோ பின்பக்கத்திலோ உறையாத கறுப்பு ரத்தம் வடிகிறது என்றால் அது அடைப்பான் நோயாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். நஷ்டமாகிறதே என்று கத்தியை எடுக்காதீர்கள், தோலைக்கூடக் கீறக் கூடாது, மனுஷருக்கும் ஒட்டிக்கொள்கிற நோய் அது. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு போன் போடுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள், டாக்டர் வந்து பார்க்கும் வரை நாய் நெருங்காமல் காவல் இருங்கள். இந்த விஷயத்தில் மட்டும் பேச்சுவார்த்தை வேண்டாம், ரெண்டு பேரில் ஒருவர் அறுக்க வேண்டாம் என்று சொன்னால் மற்றவர் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பேச அழைத்த நிலையத்தாருக்கும், வேலைக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்.