அப்பத்தாவின் தலகாணியும் தண்ணீருக்கு இடம் கொடுக்காத துளைகளும்

நேயர்களுக்கு வணக்கம். மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். குடத்தோடு தண்ணீருக்கு அலைந்த ஊர்க்காரன், தண்ணீரை உள்ளே விடாத பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

முதலில் அப்பத்தாவின் தலகாணிக் கதை. அப்போது எனக்குப் பத்து வயசிருக்கும். எங்கள் ஊரில் குடிதண்ணீர் என்றால் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வர வர சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவதுதான், ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அப்படி அம்மா சேர்த்து வைத்த ஓர் அண்டாத் தண்ணீரில், அப்பா வல்லத்துக்கு வாங்கி வைத்திருந்த டீசல் கேனைத் தட்டிவிட்டேன். அரை டம்ளர் போல விழுந்திருக்கும், அண்டா முழுக்க வானவில். அடிக்குப் பயந்து, முதலில் மருந்துக்கடைப் பஞ்சைப் போட்டேன். அது தண்ணீரைக் குடித்துவிட்டு முழுகிப்போனது. அடுத்து கண்ணில் பட்டது தலகாணி. ஓரத்தைப் பிரித்து ஒரு கைப்பிடி இலவம்பஞ்சை அள்ளிப் போட்டேன். அது முழுகவில்லை, மிதந்துகொண்டே டீசலை மட்டும் இழுத்துக் கறுத்தது. இன்னும் ரெண்டு கைப்பிடி போட்டேன், வானவில் காணாமல் போய்விட்டது.

"ஏண்டா, தண்ணிக்குப் போயி என் தலகாணிய அறுத்துப்புட்டியே" என்று அப்பத்தா வைதது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. வைதுவிட்டு, தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினாள். பார்வைக்குச் சுத்தம், வாயில் டீசல். அந்த அண்டாத் தண்ணீர் கடைசியில் வலை அலசத்தான் போனது.

இன்றைக்கு என் பேச்சே அந்தத் துப்பலைப் பற்றித்தான். இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே காலியான குழாய், மேலே மெழுகுப் பூச்சு. மெழுகுக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். மிதக்கிற டீசலுக்கு அது போதும். ஆனால் டீசலில் கொஞ்சம் தண்ணீருக்குள்ளேயே கரைந்து போயிருக்கும், அதுதான் வாடை. தனித்தனி மூலக்கூறாகத் திரிகிற அதைப் பிடிக்க, மூலக்கூறு அளவிலேயே துளை வேண்டும். அந்தத் துளையும் தண்ணீரை ஒதுக்க வேண்டும். தண்ணீர் ஒட்டாது என்றதும் எல்லாரும் தாமரை இலையைச் சொல்வார்கள். தாமரை இலை மேற்பரப்போடு சரி, அது எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளாது. நான் சொல்வது உடம்பெல்லாம் துளையாக இருந்தும் தண்ணீரைச் சேர்க்காத பொருள். மறுபடியும் சொல்கிறேன், தலகாணியை நினைத்துக்கொள்ளுங்கள், தாமரையை விட்டுவிடுங்கள்.

துளையுள்ள படிகம் புதுசில்லை. 1756-இல் சுவீடனின் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கினார், அதிலிருந்து கொதிக்கிற மாதிரி நீராவி வந்தது. கொதிக்கும் கல் என்ற பொருளில் ஜியோலைட் என்று பெயர் வைத்தார். பெயரிலேயே தெரிகிறது, அது தண்ணீருக்கு ரொம்ப வேண்டப்பட்டது. அதன் சட்டகத்தில் அலுமினியம் இருப்பதால் மின்னூட்டம் உண்டு, அதற்குத் தண்ணீர் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். இதில்தான் நம்ம கடற்கரைக்குச் சிக்கல். ராமேஸ்வரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி நம்ம ஊர் ஈரக்காற்றில் தண்ணீர் முதலில் துண்டைப் போட்டுவிடும். நாம் பிடிக்க நினைத்த ஆள் படிக்கட்டில் தொங்க வேண்டியதுதான்.

1978-இல் அமெரிக்காவில் அலுமினியத்தையே விட்டுவிட்டு, வெறும் சிலிக்காவால் அதே மாதிரி படிகம் செய்து சிலிக்கலைட் என்று அறிவித்தார்கள். ஆற்று மணலிலும் இருக்கிற அதே சிலிக்காதான். இப்போது துளைச் சுவரில் மின்னூட்டம் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்து நிற்கிற கூட்டம். துளைக்குள் போக அந்தக் கையை விட வேண்டும், போன இடத்திலோ பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அப்புறம் அது எதற்குப் போகும்? பென்சீன் மாதிரியான எண்ணெய்ச் சாதிக்கு அந்தச் சுவர் சௌகரியம், நுழைந்துவிடும். துளையின் அகலம் தலைமுடித் தடிமனில் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அப்பத்தா துப்பிய வாடை அடங்க வேண்டிய இடம் அதுதான்.

கரி போதாதா என்று கேட்பீர்கள். வீட்டு வடிகட்டியில் கரி நன்றாகவே வேலை செய்கிறது, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கரியின் துளைகள் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, படிகத்தின் துளைகள் எல்லாம் ஒரே அச்சு. அதோடு, நிறைந்துபோன சிலிக்காப் படிகத்தை நெருப்பில் போட்டு அழுக்கை எரித்துவிட்டு மறுபடி எடுக்கலாம், கரியைப் போட்டால் கரியே போய்விடும்.

இன்னொரு குடும்பம் மாஃப் எனப்படும் உலோக-கரிமச் சட்டகங்கள், அதாவது உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் கோத்துக் கட்டிய துளையுள்ள படிகங்கள். 2025-இல் கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்ததே, அது. சில வகைகளில் ஒரே கிராமில் 7,000 சதுர மீட்டர் உள்பரப்பு, அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர்! ஆனால் 1999-இல் வந்த புகழ்பெற்ற மாஃப்-5 ஈரக்காற்றில் அப்பளம் மாதிரி நமத்து, கட்டமைப்பே உடைந்துவிடும். பிறகு 2006-இல் துத்தநாகத்தை வைத்து ஜிஃப்-8 என்ற இன்னொரு மாஃப் வந்தது. அதன் துளைகளை எண்ணெய்த்தன்மையுள்ள மெத்தில் தொகுதிகள் சூழ்ந்திருப்பதால் தண்ணீர் உள்ளே வராது, கொதிநீரில் போட்டாலும் தாங்கும்.

கடலில் கொட்டிய எண்ணெயை அள்ளவும் இந்த வகைப் படிகங்களை முயல்கிறார்கள், புனேயில் ஐசர் என்ற அறிவியல் கல்வி-ஆராய்ச்சி நிறுவனத்தில்கூட ஃபுளோரின் சேர்த்து ஒன்று செய்தார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. படகுத்துறையில் மிதக்கிற டீசலுக்கு இலவம்பஞ்சு மூட்டை போதும், விலையும் கட்டும். ஃபுளோரின் சேர்மங்கள் பல எளிதில் மக்காதவை, அதைக் கடலில் இறக்க எனக்கு மனசு வராது. இந்தப் படிகங்களைக் கரைந்த வாடைக்கும், ஈரக்காற்றில் கலந்த பெயின்ட் கரைப்பான் ஆவிக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத் தம்பி ரெண்டு விரலைக் காட்டுகிறார். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் கண்டுபிடித்த கால்ஃப்-20 என்ற மாஃப், ஈரப்பதம் 40 சதவீதம் வரை இருந்தாலும் தண்ணீரை விட்டுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. ஆலைப் புகைக்கு அது ஆகும், நம்ம ஊர்க் காற்றுக்கு அதுவும் பத்தாது. அப்புறம் ஜிஃப்-8-இல் தண்ணீரை வலுக்கட்டாயமாக ஏற்றலாம், 200 மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் வேண்டும். ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கடல் அழுத்தம், பாக் நீரிணையில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அழுத்தத்தை எடுத்தால் தண்ணீர் தானாக வெளியே வந்துவிடும், ஒரு சுருள்வில் மாதிரி, அதிர்ச்சி தாங்கிகளுக்கு இதை... இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. அப்பத்தா தலகாணிக்கு மறுபடி பஞ்சு அடைக்க நான் யார் வீட்டு இலவமரத்தில் ஏறினேன் என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.