வாசலில் அளந்த நெல்

அவையோருக்கு வணக்கம்.

அந்தக் காலத்தில் வந்தவருக்கெல்லாம் வாரி வழங்கினார்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். வாரியெல்லாம் வழங்கவில்லை, அளந்துதான் போட்டார்கள்.

தஞ்சைப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை தை, மாசியில். பூம்பூம் மாட்டுக்காரர் ஊருக்குள் வருவதும் அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் நெற்குதிரே காலியாகக் கிடக்கும். நீராகாரம் கிடைத்தால் பெரிது. களத்தில் தூற்றிப் பொலி, அதாவது நெற்குவியல், கண்டதும் அளக்க மரக்கால் இறங்கும். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் பங்கெல்லாம் அங்கேயே பிரிந்துவிடும். பிறகு, கேட்டு நிற்பவருக்கு முறத்தில் கொஞ்சம் அள்ளிப் போடுவார்கள். மாட்டுக்கு வைக்கோலும் உண்டு. நெல் வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் முறத்தளவு கைப்பிடியாகிவிடும். அதனால்தான் களத்துக்கே வந்து நின்றார்கள்.

குடுகுடுப்பைக்காரர் வழி வேறு. விடியுமுன்பே வாசல் வாசலாக நின்று, ‘நல்ல காலம் பொறக்குது’ என்று குறி சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்நேரம் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். வெயில் ஏறியபின் திரும்பி வந்துதான் நெல்லும் பழந்துணியும் கேட்பார். சொல்லை முதலில் கொடுத்து, கூலியைப் பிறகு வாங்குகிறவரைப் பிச்சைக்காரர் என்பது எனக்கு ஒப்பவில்லை.

வழிப்போக்கருக்குத் திண்ணை இருந்ததே என்பீர்கள். இருந்தது, ஆனால் எல்லோரும் அதில் ஏறிவிட முடியாது. சாதி கேட்டுத்தான் இடம். சத்திரம் சற்றுப் பரவாயில்லை. தஞ்சை சரபோஜி மன்னர் 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திர நடைமுறையை விவரிக்கிறார்: எல்லாச் சாதியாருக்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் சாமானும், நள்ளிரவில் மணியடித்து, அதுவரை சாப்பிடாதவரை அழைத்துச் சோறு போடுவது, நோயாளிக்கு வைத்தியர். இதற்கெல்லாம் மானியமாக விட்ட நிலம் இருந்தது. மனம் இருந்தால் மட்டும் போதாது, வருமானம் வேண்டும்.

கொடுத்த வீடே கேட்கும் வீடானால் என்ன ஆகும் என்பதைத் தாது வருடப் பஞ்சம் (1876–78) காட்டிவிட்டது. திண்ணைக்காரரே வழிப்போக்கராகிக் கஞ்சித்தொட்டி தேடிப் போனார்.

இப்போது அறுவடை எந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து டிராக்டரில் கொட்டுகிறது. நேரே கொள்முதல் நிலையம். முறம் எடுக்க ஆளில்லை. வைக்கோலையும் எந்திரம் கட்டாகச் சுருட்டிவிடுகிறது, அதற்கும் விலை. மாட்டுக்காரர் கையில் விழும் சில்லறை மாட்டின் தீனிக்கே போதவில்லை, மாட்டை விற்றுவிட்டார்கள்.