கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தும்

(திருகோணமலையில் நடந்த வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கிற ஐயாமார், அக்காமார், டியூசன் முடிந்து புத்தகப்பையோடு அப்படியே வந்து பின்னால் நிற்கிற பிள்ளைகள், எல்லாரையும் பார்க்கச் சரியான சந்தோசம். நாங்கள் இலக்கியக் கூட்டம் வைத்தால் போரைப் பற்றிக் கதைப்போம், இடப்பெயர்வைப் பற்றிக் கதைப்போம். கதைக்க வேண்டியவைதான், நானும் அந்த நாவல்களை வாசிக்கிறேன். ஆனால் இந்த ஊரில் எத்தனை வீட்டில், எத்தனை கைப்பேசிக்குள் காதல் நாவல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதில் கனக்கப் புத்தகம் நான் இரவல் கொடுத்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் மேடையில் வாய் திறப்பதில்லை. இன்றைக்குத் திறப்போம்.

என்னிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரியும், பிறகு என்னத்துக்கு நானூறு பக்கம் வாசிக்கிறாய்?

தெரிந்தபடியால்தான் வாசிக்கிறேன். அமெரிக்காவில் காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு 1980 இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. காதல் நாவல் எது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற நிபந்தனை இரண்டுதான். கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் ஆட்கள் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது எழுதுகிறவர் வாசகிக்குக் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கு இருக்கிறதனால், கருச்சிதைவு, அப்பாவின் குடி, கடன், பழைய காதலனிடம் வாங்கிய அடி, தாயைப் பராமரித்தே இளமை போன ஒருத்தியின் கோபம் என்று எந்த இருட்டுக்குள்ளேயும் என்னைக் கூட்டிக்கொண்டு போகலாம், நான் பயப்படாமல் பின்னால் போவேன், ஏனென்றால் அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு வரமாட்டார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஹெலன் ஹோவாங் என்பவரின் முதல் நாவல் 2018 இல் வந்தது. கதாநாயகி பொருளாதார அளவியல் செய்கிறவள், ஆட்டிசம் உள்ளவள், தொடுகையும் சத்தமும் அவளுக்குத் தொல்லை. எழுத்தாளருக்கும் ஆட்டிசம் இருப்பது வளர்ந்த பிறகுதான் உறுதியானது. அப்படி ஒரு பெண்ணை எங்கள் கதைகளில் எங்கே வைப்போம்? பாவப்பட்ட தங்கச்சியாக, கல்யாணம் ஆகாத சித்தியாக ஓரத்தில் வைப்போம். இந்த நாவல் அவளை நடுவில் வைத்து, அவளுக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காது, யார் கேட்டுவிட்டுத் தொட்டால் அவளுக்கு நல்லாயிருக்கும் என்று பக்கம் பக்கமாகக் கவனிக்கிறது. இப்போது வருகிற நல்ல காதல் நாவல்கள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இந்தக் கவனிப்புத்தான். ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற எழுத்து வேறு எங்கே இவ்வளவு இருக்கிறது, சொல்லுங்கள்.

சரி, அடுத்த குற்றச்சாட்டு: எல்லாம் ஒரே அச்சு. எதிரிகளாக இருந்து காதலர் ஆவார்கள், பொய்க் கல்யாணம் செய்து உண்மைக் காதலில் முடிப்பார்கள், மழையில் மாட்டி ஒரே அறையில் தங்குவார்கள். உண்மை, இவை திரும்பத் திரும்ப வரும். ஆனால் தமிழ் படித்தவர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்கள் அகப்பாட்டு, அதாவது சங்கக் காதல் பாட்டு, முழுக்க முழுக்கத் தெரிந்த நிலைமைகளால் ஆனது. தலைவி வீட்டில் அடைக்கப்படுவாள், தோழி அறத்தொடு நின்று காதலை வீட்டாருக்குச் சொல்வாள், தலைவன் பனைமடல் குதிரையில் ஏறித் தெருவில் வருவேன் என்று மிரட்டுவான், இரண்டு பேரும் ஊரைவிட்டு ஓடுகிற உடன்போக்கு நடக்கும், பரத்தையிடம் போய் வந்தவனுக்கு வாசலில் ஊடல் காத்திருக்கும். தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர்கூடச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. குறுந்தொகையின் நானூறு பாட்டுக்கும் இந்தக் கொஞ்ச நிலைமைகள் போதுமாக இருந்தன, ஒவ்வொரு புலவரும் அதே நிலைமைக்குள் நின்று என்ன புதிதாகச் செய்கிறார் என்று பார்ப்பதுதான் அதை வாசிக்கிற இன்பம். கீர்த்தனை கேட்கப் போகிறவர் பல்லவி தெரிந்ததென்று எழும்பி வருவதில்லையே.

இப்போது எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கிற மாயக் காதல் நாவல்களுக்கு வருகிறேன். ரொமான்டசி என்று சொல்கிறார்கள். 2015 இல் சாரா ஜே. மாஸ் தொடங்கிய தேவதை அரசுகளின் தொடர் இந்தப் பக்கம் நிறையப் பேரை இழுத்தது. பிறகு 2023 இல் ரெபெக்கா யாரோஸ் டிராகன் படைக் கல்லூரியை வைத்து எழுதத் தொடங்கினார், அந்தத் தொடரின் மூன்றாவது நாவல் 2025 ஜனவரியில் வெளியான முதல் கிழமையிலேயே 27 இலட்சம் பிரதி போனது. எனக்கு முக்கியம் அந்தக் கதாநாயகி. அவளுடைய மூட்டுகள் சும்மா அசைந்தாலே விலகும், எலும்பு பலமில்லை, அப்படிப்பட்டவளைத் தாயே போர்க் கல்லூரிக்கு அனுப்புகிறாள். எழுதியவருக்கும் அதே மாதிரி இணைப்புத்திசுக் குறைபாடு உண்டு. உடம்பு ஒத்துழைக்காத ஒரு பெண், அது சுகமாகாமலேயே, டிராகனில் ஏறுகிறாள், காதலிக்கப்படுகிறாள். முழங்கால் நோவோடு வீட்டு வேலை முழுதும் செய்கிற ஒரு அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன், அவர் புத்தகத்தைத் தமிழில் எப்போது கொண்டுவருவார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யாராவது பதிப்பாளர் இங்கே இருந்தால் தயவுசெய்து இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நாவல்களில் விதி முடிச்சுப் போட்ட ஜோடி என்று ஒன்று வரும், கண்டவுடனே உள்ளுக்குள் ஏதோ பூட்டிக்கொள்ளும், இரண்டு பேரும் விரும்பாவிட்டாலும் அறுக்க முடியாது. இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஒத்த தலைவனும் தலைவியும் ஊழின் ஆணையால் ஒருவரையொருவர் காண்பார்கள் என்று தொல்காப்பியத்தின் களவியலில் இருக்கிறது.

இன்னும் பெருமையான விசயம் ஒன்று இருக்கிறது, இதைத் திருகோணமலைக்காரர் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். 1891 இல் எங்கள் ஊர் இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். ஈழத்தில் வந்த முதல் சில தமிழ் நாவல்களில் அது ஒன்று. அதன் மூலக்கதை ஐரோப்பாவின் மத்தியகால வீரக் காதல் கதை: பிரிந்துபோன இரட்டைப் பிள்ளைகள், ஒருவனைக் கரடி வளர்க்கிறது, மற்றவன் அரண்மனையில் வளர்கிறான், பித்தளைத் தலை ஒன்று பேசி இரகசியம் சொல்கிறது, மரக்குதிரை பறக்கிறது. நாலு வருசம் கழித்து, 1895 இல், தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' எழுதினார். அவரும் எங்கள் ஊர்தான், சென்னையில் இருந்து எழுதினார். தஞ்சை நாயக்க மன்னனின் மகளுக்கும் சொக்கநாத நாயக்கருக்கும் உள்ள காதல். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றில் அதைத்தான் சொல்கிறார்கள். ஒன்று மாயமும் வீரமும், மற்றது வரலாற்றுக் காதல். திருகோணமலை நாவலுக்குள் நுழைந்ததே இந்த வாசலால்தான், அப்படியிருக்க இந்த ஊரில் ஒரு பிள்ளை காதல் நாவலை அட்டை போட்டு மறைத்து வாசிக்க வேண்டிய தேவை என்ன?

எனக்குத் தெரிந்த காரணம், காதல் என்றால் யாராவது செத்தால்தான் நாங்கள் அதை மதிப்போம். அம்பிகாபதிக்குத் தலை போக வேண்டும், தேவதாஸ் வாசலில் விழுந்து சாக வேண்டும். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குப் போனால் என்ன கதை சொல்லிக் கொடுக்கிறோம்? ஒல்லாந்தர் காலத்தில் பிரான்சினா என்ற பெண், கைவிட்டுப் போகிற காதலனின் கப்பலைப் பார்த்தபடி பாறையிலிருந்து குதித்தாள் என்று. 1687 என்று பொறித்த தூணும் உண்டு. வெள்ளைக்காரர் அந்த இடத்துக்குக் காதலர் பாய்ச்சல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் ஒல்லாந்தப் பதிவுகளைப் பார்த்தவர்கள், அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தாள், திரும்பக் கல்யாணமும் செய்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது கதையை ஒரு வழிகாட்டியும் எனக்குச் சொன்னதில்லை. விட்டுப்போனவன் போகட்டும் என்று இறங்கி வந்து, கொஞ்ச நாள் அழுது, வேறொருவரைப் பார்த்து, தயங்கித் தயங்கித் திரும்ப நம்பத் தொடங்கினாளே, அந்த வருசங்களைப் பற்றித்தான் எனக்கு வாசிக்க ஆசை. அதுதான் காதல் நாவல்.

போரையும் 2004 கடலையும் பார்த்த ஊர் இது. இங்கே முடிவு யார் கையிலும் இருந்ததில்லை. ஆறுதலுக்காக வாசிக்கிறீர்களா என்று கேட்டால், ஓம், ஆறுதலுக்காகவும்தான். 2022 இல் பத்துப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், பால்மா வரிசையில் நின்றுவிட்டு வந்து, கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜில் யூடி வந்துவிட்டதா என்று பார்த்த பெண்கள் எத்தனை பேர்! யூடி என்றால் தொடர்கதையின் அடுத்த பகுதி, ஐயாமாருக்காகச் சொல்கிறேன். முந்தி ரமணிசந்திரனின் நாவல் ஒன்று வந்தால் ஒரு ஒழுங்கை முழுக்கக் கைமாறும், இப்போது பிரதிலிபி போன்ற செயலிகளில் எழுதுகிறவரிடமே நேரே சண்டை பிடிக்கலாம்.

சண்டை பிடிக்க வேண்டியதும் இருக்கிறது. ஆன்டி ஹீரோ என்று சொல்லி, கன்னத்தில் அறைகிறவனையும், கட்டாயத் தாலி கட்டுகிறவனையும், அவளுடைய வேலையை விடவைக்கிறவனையும் கடைசி இரண்டு அத்தியாயத்தில் மன்னித்துவிடுகிற கதைகளை நான் பாதியில் மூடிவிடுவேன். சின்ன வயதில் பட்ட காயத்தைக் காரணம் சொன்னால் எனக்குப் போதாது. அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும், மாற வேண்டும், மாறியதை நான் பக்கங்களில் பார்க்க வேண்டும். மாய நாவல்களிலும் ஐந்நூறு வயது ஆண் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு உலகம் கற்பிப்பது எனக்குச் சலித்துவிட்டது. சேர்ந்துவிட்டார்கள் என்றால் மட்டும் சந்தோச முடிவு ஆகாது, அவளுக்கு நல்ல வாழ்க்கை கிடைத்திருக்க வேண்டும்.

பின்னால் நிற்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். எழுதுங்கள். கட்டார் போன மாப்பிள்ளையோடு வாட்ஸ்அப் குரல்பதிவிலேயே காதல் வளர்ந்த பெண்ணை எழுதுங்கள். முப்பத்தைந்து வயது விதவை டீச்சரை, நிலாவெளி பஸ்ஸில் அவருக்கு இடம் பிடித்து வைக்கிற மனிதரை எழுதுங்கள், ஊர் என்ன கதைக்கும் என்பதையும் சேர்த்து. மாயம் வேண்டுமா? சுவாமி மலைப் பாறையைப் பிளந்த இராவணன் வெட்டு இருக்கிறது, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது, போர்த்துக்கேயர் 1620களில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் கடலுக்கு அடியில் கிடக்கின்றன. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிப் பார்த்திருக்கிறார்கள். நீலத் திமிங்கிலம் வந்துபோகிற துறைமுகம் இது. டிராகன் வேண்டாம், திமிங்கிலத்தில் ஏறுகிற பெண்ணை எழுதுங்கள், அவளுக்கு எதிரியாக வந்து காதலன் ஆகிறவன் கோயில் இடித்தவர்களின் கப்பலில் வந்த கைதியாகவே இருக்கட்டும். அவர்கள் எப்படிச் சேரப்போகிறார்கள் என்று எனக்கு இப்போதே தவிப்பாக இருக்கிறது.

நேரம் போய்விட்டது. கதவடியில் இரண்டு பெட்டி புத்தகம் வைத்திருக்கிறேன், தமிழும் ஆங்கிலமும் கலந்து இருக்கிறது, விரும்பியதை எடுத்துப் போங்கள். ஆங்கிலம் கொஞ்சம் மட்டு என்கிறவர்கள் இந்தக் காலத்துக் காதல் நாவலில் தொடங்குங்கள், மாய நாவல்களில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் முதல் ஐம்பது பக்கம் கரைச்சல் கொடுக்கும். அடுத்த மாதம் கொண்டுவரும்போது எந்தப் பக்கத்தில் அழுதீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். இப்போது கேள்விகள் கேளுங்கள், முதலில் பின்வரிசை.