டான் ஆற்றுக்குப் புது வாய்: டொராண்டோ ஏரிக்கரையை மீட்டது எப்படி?

[காட்சி: வானிலிருந்து கனடாவின் டொராண்டோ துறைமுகம். வடக்கிலிருந்து டான் ஆறு இறங்கி வருகிறது.]

இந்த ஆற்றின் பழைய பாதையைப் பாருங்கள். வடக்கிலிருந்து நேராக வருகிறது. ஒன்டாரியோ ஏரியைத் தொடக் கொஞ்ச தூரம்தான் பாக்கி. அங்கே திடீரென்று மேற்கே தொண்ணூறு டிகிரி திரும்பி, கீட்டிங் கால்வாய் என்ற குறுகிய வாய்க்காலுக்குள் நுழைகிறது.

அந்தத் திருப்பம்தான் வினை. திரும்பும் இடத்தில் தண்ணீர் வேகம் இழக்கும். வேகம் குறைந்தால், சுமந்து வந்த வண்டல் அங்கேயே படியும். குளிர்காலம் முடிந்து உடைந்து வரும் பனிப்பாளங்களும் மரக்கட்டைகளும் அந்த மூலையில் சிக்கும். பின்னால் வரும் வெள்ளத்துக்கு வழி இருக்காது. கரையேறி நகரத்துக்குள் போகும்.

[காட்சி: பழைய வரைபடம். முகத்துவாரத்தைச் சுற்றிப் பச்சை நிறம்.]

இயற்கையில் இந்த ஆறு இப்படித் திரும்பவில்லை. முகத்துவாரத்தில் ஆஷ்பிரிட்ஜஸ் பே என்ற சதுப்பு நிலம் பரந்து கிடந்தது. வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் இருந்த மிகப் பெரிய சதுப்புகளில் அதுவும் ஒன்று. நகரத்தின் கழிவு அதில் சேர்ந்து நாறியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுக ஆணையம் அதை மண் கொட்டி மேடாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. எண்ணெய்த் தொட்டிகளும் நிலக்கரிக் குவியல்களும் வந்தன. அவை போன பிறகும் எண்ணெய் மண்ணுக்குள் தங்கிவிட்டது.

இந்த முகத்துவாரத்துக்காக 2007-ல் நடந்த வடிவமைப்புப் போட்டியில், பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் வடிவமைக்கும் மைக்கேல் வான் வால்கன்பர்க் நிறுவனம் வென்றது. 2017-ல் கனடா நாடு, ஒன்டாரியோ மாகாணம், டொராண்டோ நகரம் என மூன்று அரசுகளும் சேர்ந்து 125 கோடி டாலர் ஒதுக்கின. மீட்பு என்றாலும், பழைய சதுப்பைத் தோண்டி வெளியே எடுப்பது நோக்கம் அல்ல. தொழிற்பேட்டையின் நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் புது ஆற்றுப் பள்ளத்தாக்கு வெட்டி, ஆற்றை வளைந்து வளைந்து ஏரிக்கு அனுப்புவதுதான் திட்டம்.

எவ்வளவு வெள்ளத்துக்கு? 1954 அக்டோபரில் வந்த ஹேசல் சூறாவளிதான் அளவுகோல். அதில் ஒன்டாரியோவில் 81 பேர் இறந்தார்கள். அந்த அளவு வெள்ளம் மறுபடி வந்தாலும் புதிய வழிகள் தாங்க வேண்டும்.

[காட்சி: அனிமேஷன். மூன்று நீல அம்புகள்.]

சாதாரண நாளில் தண்ணீர் புது ஆற்றில் போகும். கீட்டிங் கால்வாயின் வாயில் ஒரு தடுப்பணை உண்டு. நம் ஏரிகளின் கலங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறினால்தான் அதைத் தாண்டி வழியும். மூன்றாவது வழி, தெற்கே கப்பல் கால்வாயை நோக்கிப் போகும் தாழ்வான பசுமை நிலம். மற்ற நாளில் அது பறவைகளுக்கு, வெள்ளத்தன்று தண்ணீருக்கு.

[காட்சி: பள்ளத்தின் குறுக்குவெட்டு.]

இப்போது கட்டுமானம். பள்ளத்தின் இரு முனைகளிலும் மண் அடைப்பை அப்படியே விட்டு, நடுவில் உலர்வாகத் தோண்டினார்கள். பக்கவாட்டில் அழுக்கு நிலத்தடி நீர் புகாமல் இருக்க, அடியிலுள்ள பாறை வரை தடுப்புச் சுவர். தரையில் மணல், எண்ணெய்க் கசிவை உறிஞ்சும் கரி கலந்த விரிப்பு, நீர் புகாத களிமண் விரிப்பு. இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் பழைய எண்ணெய் புது ஆற்றில் கசிந்து, மீனுக்காக வெட்டிய ஆறே மீனுக்கு நஞ்சாகிவிடும்.

இங்கே இரண்டு ஆபத்துகள். ஒன்று, பள்ளம் காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் கீழிருந்து அழுத்தி விரிப்பைத் தூக்கப் பார்க்கும். அதனால் மேலே மண்ணும் கல்லும் போதிய கனத்துக்கு இருந்தாக வேண்டும். இரண்டு, மேல்மண் ஆழம் போதவில்லை என்றால் மர வேர் விரிப்பைத் துளைக்கும். பெரிய மரங்களின் இடத்தை அழகு பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

தோண்டும்போது ஒரு அதிசயம் நடந்தது. மேடாக்கிய மண்ணை அகற்றியதும் பழைய சதுப்பின் அடுக்கு வெளிச்சம் கண்டது. 2021-ல் அதிலிருந்து கோரையும் சம்பும் முளைத்தன! ஏறக்குறைய நூறு ஆண்டு மண்ணுக்கடியில் உறங்கிய விதைகள். அவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள்.

[காட்சி: கரைச்சரிவு, அருகிலிருந்து.]

எங்களைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் உயிர் கரைச்சரிவில்தான் இருக்கிறது. செங்குத்துச் சுவரில் மீன் முட்டையிடாது, வாத்துக் குஞ்சு ஏறாது. ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்கிற அளவிலோ, அதைவிடத் தட்டையாகவோ சரிவு வேண்டும். அப்போதுதான் ஈரத்தில் பல படிகள் கிடைக்கும்: ஆழத்தில் நீருக்கடியில் வளரும் செடிகள், முழங்கால் ஆழத்தில் கோரை, விளிம்பில் புல்லினங்கள், மேலே வில்லோ என்ற நீரோரப் புதர்.

சரிவு அரிக்காமல் பிடிக்க, நமக்குப் பழக்கமான தேங்காய் நார் விரிப்பு. சில ஆண்டுகளில் மக்கிவிடும்; அதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். வெளிவளைவில் தண்ணீர் மோதும் இடங்களில் வேரோடு கூடிய மரத்தண்டுகளைப் புதைக்கிறார்கள்: வேர்ப்பக்கம் தண்ணீரைப் பார்த்து, தண்டு கரைக்குள். வேரிடுக்கில் சின்ன மீன்கள் ஒளியும். மரம் மிதக்கும் பொருள் என்பதை மறந்து கல்பாரம் வைக்காமல் விட்டால், முதல் வெள்ளத்திலேயே கரையையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

வில்லோவுக்கு நாற்று தேவையில்லை. இலையில்லாத பருவத்தில் வெட்டிய போத்துகள் போதும். நீளம் 60 முதல் 90 செ.மீ. ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி, மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் மண்ணில் இறக்க வேண்டும். தலைகீழாக நட்டால் முளைப்பது அரிது. ஆழம் குறைந்தால் கோடையில் காய்ந்துபோகும்.

திட்டமிட்ட மொத்த நடவு: 5,000 மரங்கள், 77,000 புதர்கள், 20 லட்சத்துக்கு மேல் சிறு செடிகள்.

[காட்சி: வேலிக்கு வெளியே வாத்துகள்.]

நட்டதைக் காப்பாற்றுவது தனிப் போராட்டம். கனடா வாத்துக் கூட்டம் இளங்குருத்தை ஒரே நாளில் மேய்ந்துவிடும். அதனால் நீரோரச் செடிகளைச் சுற்றி வேலி. குறுக்கே கயிறுகள் கட்டினால் மேலிருந்தும் இறங்க முடியாது. அடுத்த எதிரி ஐரோப்பியக் கெண்டை. இரை தேடிச் சேற்றைக் கிளறும். வேர் பிடுங்கும், தண்ணீர் கலங்கும், வெளிச்சம் போகாமல் அடிச்செடிகள் சாகும். பக்கத்து ஹாமில்டன் நகரில் கூட்ஸ் பாரடைஸ் சதுப்பின் வாயில் 1990-களிலிருந்தே ஐந்து செ.மீ. இடைவெளிக் கம்பித் தடுப்பு இருக்கிறது: சிறு மீன் நுழையும், பெரிய கெண்டை நுழையாது.

ஏரி மட்டமும் நிலையாக இருக்காது. 2017-லும் 2019-லும் ஒன்டாரியோ ஏரி சாதனை உயரத்தைத் தொட்டது. ஒரே மட்டத்தை நம்பிக் கோடு கிழித்து நட்டால், மட்டம் ஏறும் ஆண்டில் அந்த வரிசை மூழ்கிப்போகும். செடிப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நட்டால், மேலே ஏறிப் பிழைக்க இடம் இருக்கும்.

[காட்சி: 2025. பூங்காவில் குழந்தைகள், ஆற்றில் துடுப்புப் படகுகள்.]

2024-ல் தண்ணீர் புது வழியில் ஓடியது. 2025 ஜூலையில் பீடாசிகே பூங்கா திறந்தது. பூர்வகுடிகளின் அனிஷினாபே மொழியில் அந்தப் பெயருக்கு 'நம்மை நோக்கி வரும் சூரிய ஒளி' என்று பொருள்.

வண்டல் மட்டும் நிற்கவில்லை. அதைப் புது ஆற்றுக்குள் விடாமல் பிடிக்க, லேக் ஷோர் சாலைப் பாலத்துக்கு முன்பே, ஆறு இறங்கி வரும் பக்கத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே படிவதையும் சிக்கும் கட்டைகளையும் தொடர்ந்து அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.